அஞ்சடி நிழலில் பினாங்கு

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் இறங்கிய முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. நானும் அம்மாவும் சூலியா வீதியில் நின்றிருந்தோம். ஒரு பழைய கடையின் மாடிச் சன்னலைப் படம் எடுக்க நான் போனைத் தூக்கிய நேரம் பார்த்துப் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். ஓரத்தில் கூரை இருந்தது. கடையின் மாடிதான் அந்தக் கூரை. மழை விடும்வரை நிற்கலாம் என்று பார்த்தால் பக்கத்துக் கடைக்கும் அதே கூரை, அதற்கடுத்த கடைக்கும் அதே. தூண்கள் வரிசையாகத் தெருமுனை வரைக்கும் போயின. அப்படியே நடந்தோம். சைக்கிள் பழுது பார்க்கும் கடை, ஊதுபத்திக் கடை, பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு, சட்டி நிறைய எண்ணெய் காயும் ஒரு பலகாரக் கடை. தெருவைக் கடக்கும்போது மட்டும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள் அம்மா. முக்கால் மணி நேர மழையில் நாலு தெரு நடந்திருப்போம், குடையே இல்லாமல்.

"நம்ம வீட்டுத் திண்ணைய ஒண்ணோட ஒண்ணு ஒட்டவச்ச மாதிரி இருக்கு ஆத்தா" என்றாள்.

மலேசியத் தமிழர்கள் இதை அஞ்சடி என்கிறார்கள். மலாயில் காக்கி லீமா. காக்கி என்றால் பாதம், அடி. லீமா என்றால் ஐந்து. 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் ஒரு விதியை எழுதிவைத்தார்: ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் இத்தனை அடி அகலத்துக்குத் தாழ்வாரம் விட வேண்டும், அது எப்போதும் திறந்திருக்க வேண்டும், தெருவின் இரு பக்கமும் அது தொடர்ச்சியான நடைபாதையாக அமைய வேண்டும். பிற்பாடு மலாயாவின் ஊர்களுக்கெல்லாம் அந்த வழக்கம் பரவியது. நிலம் கடைக்காரருடையது, மேலே தூங்கும் அறையும் அவருடையதுதான். ஆனால் கீழே நடக்கிற உரிமை தெருவில் போகிற எல்லோருக்கும் உண்டு. ஐந்து நாள் அந்த ஊரில் நாங்கள் தின்றது, குடித்தது, உட்கார்ந்தது, வேடிக்கை பார்த்தது எல்லாம் பெரும்பாலும் அந்த அஞ்சடியில்தான். கட்டடத்தைத் தனியாகவும் சாப்பாட்டைத் தனியாகவும் எழுத எனக்கு வரவில்லை. அங்கே இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

பினாங்குக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாவின் ஐயா (தாத்தாவை எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஐயா என்போம்) பதினான்கு வயதில் வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர். முதலில் போனது எந்தக் கப்பலில் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பிற்பாடு போனதெல்லாம் ரஜூலாவில். 1926-இல் ஓட ஆரம்பித்த அந்தக் கப்பலின் பெயரை அம்மா ஏதோ ஒரு சித்தியின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வாள். பெட்டியடியிலிருந்து அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்கு வருவதும் திரும்பப் போவதுமாக இருந்திருக்கிறார். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டபோது ஐயா ஊரில் இருந்தார். அதன்பின் அவர் போகவே இல்லை. அங்கிருந்து வந்த பீங்கான் பூசிய அடுக்குப் பாத்திரம் ஒன்று இன்னும் அம்மாவின் சமையலறையில் இருக்கிறது. ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

முதல் ராத்திரி தங்கிய இடம் சரியில்லை. இணையத்தில் படம் பார்த்து, பழைய கடைவீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள் என்று நம்பி எடுத்தேன். முகப்பு அப்படியேதான் இருந்தது. உள்ளே போனதும் மூச்சு முட்டியது. நடுமுற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடி, சுவருக்கு சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்து, அறைக்கு அறை ஏசி வைத்திருந்தார்கள். கட்டில் தலைமாட்டில் சுவர் வியர்த்து, பெயிண்ட் உப்பி, விரல் வைத்தால் அப்பளம்போல நொறுங்கியது. அம்மா ராத்திரி முழுக்க இருமினாள். காலையில் பாதிப் பணத்தை விட்டுவிட்டு வேறு வீட்டுக்கு மாறினோம்.

அந்த இரண்டாவது வீட்டில்தான் கடைவீடு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. முகப்பு அகலம் இருபது அடிக்குள்தான் இருக்கும். நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது, நூறு அடிக்குக் குறையாது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர், அதனால் பக்கவாட்டில் ஒரு சன்னல்கூட வைக்க முடியாது. அப்போ வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் என்ன செய்வது? நடுவில் கூரையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேலே நாலு பக்கமும் ஓடு சரிந்து இறங்க, கீழே கருங்கல் பாவிய பள்ளம். மழை நேராக வீட்டுக்குள் விழுகிறது. வெயில் ஏறியதும் சூடான காற்று அந்த வாய் வழியாக மேலே போக, முன்னும் பின்னும் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மதியம் ரெண்டு மணிக்கு முற்றத்தை ஒட்டிய பெஞ்சில் விசிறி இல்லாமல் உட்கார முடிந்தது. வீட்டுக்குள் விழும் தண்ணீர் செல்வம் என்று சீனர்கள் நம்புகிறார்கள் என்று அந்த வீட்டுக்காரப் பெண் சொன்னார். அம்மாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகப்பு, பட்டாலை, வளவு என்கிற முற்றம், இரண்டாங்கட்டு என்று எங்கள் ஊர் வீட்டில் ஒவ்வொன்றாகக் கடந்து போவதுபோலவே அந்த வீட்டில் பின்கட்டு வரைக்கும் போய்விட்டு வந்தாள். "வளவுல தண்ணி விழுந்தா அண்டாவ வைப்பாக. இங்க மீன் வளக்குறாக. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

சுண்ணாம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வருடம் முழுக்க மழை பெய்கிற கடற்கரை ஊரில் தரையிலிருந்து ஈரம் செங்கல்லில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, கடைசியில் செங்கல்லையே அரித்துவிடும். முதல் ராத்திரி விடுதியில் நடந்தது அதுதான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு தேய்த்த செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டு வளர்ந்தவர்களுக்கு அது கைக்கே தெரியும். குளுகுளுவென்று இருக்கும், வியர்க்காது.

இரண்டாம் நாள் காலை ஒரு மூலைக்கடையில் பசியாறினோம். பசியாறுவது என்றால் அங்கே காலைச் சாப்பாடு. "பசியாறிட்டீங்களா?" என்றுதான் பினாங்குத் தமிழர்கள் காலையில் கேட்கிறார்கள். டிபன் என்கிற சொல்லே அங்கே காதில் விழவில்லை. அம்மாவுக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்துப்போய், ஊர் திரும்பியபின் எனக்குப் போன் செய்தாலும் இப்போது அதையேதான் கேட்கிறாள்.

அந்த மூலைக்கடை ஹைனான் தீவுச் சீனர்கள் நடத்துகிற வகை. ஹைனானியர்கள் இங்கே மற்றச் சீனர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். துறைமுகமும் வியாபாரமும் ஏற்கெனவே மற்றவர்கள் கையில் இருந்ததால் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலைக்குப் போனார்கள். அங்கே பழகிய ரொட்டி, முட்டை, காப்பியை வைத்துப் பிற்பாடு கடை போட்டார்கள். வட்டமான பளிங்கு மேசையை அஞ்சடியில் தூக்கிப் போட்டிருந்தார்கள். காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். அதனால் தார் மாதிரி கறுப்பாக, லேசாகத் தீய்ந்த வெல்ல வாசனையோடு இருக்கிறது. நீளமான துணிப்பை வடிகட்டியில் ஊற்றி, தடித்த பீங்கான் கோப்பையில், சாஸருக்கும் கொஞ்சம் வழிகிற மாதிரிதான் தருவார்கள். நம் ஃபில்டர் காப்பியை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றமாக இருக்கும். இது வேறு சாமான். கூடவே கரி அடுப்பில் சுட்ட ரொட்டியில் வெண்ணெயும் காயாவும். காயா என்பது தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் மணிக்கணக்காகக் கிண்டி எடுக்கிற ஜாம். அம்மா ரெண்டு துண்டு சாப்பிட்டாள். அரை வேக்காட்டு முட்டையில் சோயா சாஸும் வெள்ளை மிளகும் போட்டுக் கலக்கிக் குடிப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் குடித்தேன். நன்றாக இருந்தது.

கடைப் பலகையில் கெடை கோப்பி என்று எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். கெடை நம் கடைதான். தமிழிலிருந்து போன சொல். கப்பலும் அங்கே காப்பால். பெட்டி பெத்தி, கட்டில் காத்தில், சுருட்டு செருத்து. பினாங் என்றாலே மலாயில் பாக்கு. பாக்குமரத் தீவு. தினம் நாலு தடவை வெற்றிலை போடுகிற அம்மாவுக்கு அதைச் சொன்னபோது வாயில் பாக்கு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

மதியம் நாசி கண்டார். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கிற காவடித் தடி. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புச் சட்டி. இதைத் தோளில் போட்டுக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலிகளுக்கு அஞ்சடியிலும் மர நிழலிலும் இறக்கிவைத்து விற்றார்கள். கேம்பல் வீதியில் இருக்கிற ஹமீதியா 1907-இல் தொடங்கியது. வரிசை வெயிலைத் தாண்டி அஞ்சடியில் வளைந்து நின்றது. வரிசையில் நின்றால்தான் அந்த வாசனை முழுக்கக் கிடைக்கும், அதனால் அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. முன்னால் போனதும் பரிமாறுகிறவர் அம்மாவைப் பார்த்து, "வாங்கம்மா, என்ன வைக்கட்டும்? மாடு இதுல இருக்கு, இது கோழி, இது கணவாய், உங்களுக்கு எது வேணாமோ சொல்லிடுங்க" என்றார், ஒவ்வொரு சட்டியையும் கரண்டியால் தட்டிக் காட்டியபடி.

அந்தக் கை வேலை செய்வதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். தட்டில் வெள்ளைச் சோறு. பொரித்த கோழி ஒரு துண்டு, ஓரத்தில் வெண்டைக்காய். அப்புறம் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பிலிருந்து அரைக் கரண்டி, கறுத்துத் திரண்ட இன்னொரு சட்டியின் அடியிலிருந்து ஒரு சுரண்டல், கடைசியில் மெலிந்த மஞ்சள் குழம்பு ஒரு சுற்று. எல்லாம் சோற்றின் மேலேயே ஒன்றோடொன்று ஓடிக் கலந்தன. குவா சம்போர், கலப்புக் குழம்பு. இன்னும் வேண்டும் என்றால் பஞ்சிர் என்று கேட்க வேண்டும். பஞ்சிர் என்றால் வெள்ளம். வீட்டில் ஒரு குழம்போடு இன்னொன்று சேரக் கூடாது என்று சாம்பாருக்குப் பாத்தி கட்டிச் சாப்பிடுகிற எனக்கு முதல் வாய் தயக்கமாக இருந்தது. மூன்றாவது வாயில் அந்தக் கலப்புதான் ருசியே என்று தெரிந்துவிட்டது. மீனின் புளிப்பு கோழியின் இனிப்பை வெட்டுகிறது, அந்தக் கறுப்புச் சுரண்டல் இரண்டுக்கும் அடியில் நின்று பிடிக்கிறது. அம்மா கண்ணை மூடி மென்றுவிட்டுச் சொன்னாள்: "சோம்பு, பட்டை, அன்னாசிப்பூ. மல்லி தூக்கலா இருக்கு. நம்ம ஊர்க் கைதான். ஆனா எத்தனையோ வருசமா வேற தண்ணி குடிச்ச கை." அந்தக் குழம்பைப் பற்றி இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

தெருவோரக் கடைகளில் இன்னும் என்னென்னவோ தின்றோம். எல்லாவற்றையும் எழுதினால் பட்டியலாகிவிடும். அசாம் லக்சாவை மட்டும் விட மனசில்லை. கானாங்கெளுத்தி மாதிரி மீனை வேகவைத்து, உதிர்த்து, புளிப்பான சாற்றில் போட்டு, தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுகிறார்கள். புளிப்புக்கு அவர்கள் போடுகிற காய்ந்த துண்டு நம் கொடம்புளிக்கு ஒன்றுவிட்ட உறவு, ஒரே பேரினத்து மரம். மேலே அன்னாசி, புதினா, வெள்ளரி, இஞ்சி வகைச் செடி ஒன்றின் சிவந்த மொட்டை நறுக்கியது. கடைசியாகக் கரண்டியில் கறுப்பான இறால் விழுது. முதலில் விழுதைக் கலக்காமல் ஒரு வாய், பிறகு கலக்கி ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு ஊர்.

அந்தக் காரத்துக்குச் செண்டோல்தான் மருந்து. பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் 1936 முதல் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. பச்சை நிறத்தில் அரிசி மாவில் பிழிந்த புழுப்போன்ற துண்டுகள், ரம்பை இலை வாசனை, தேங்காய்ப் பால், பனைவெல்லப் பாகு, சிவப்புப் பயறு, துருவிய ஐஸ். நாங்கள் நின்றுகொண்டேதான் குடித்தோம். அப்புறம் ஜாதிக்காய்ச் சாறு. நம் வீட்டில் ஜாதிக்காய் என்றால் உள்ளே இருக்கிற கொட்டையும் ஜாதிபத்திரியும்தான். அங்கே வெளிச் சதையையே பிழிந்து ஐஸ் போட்டுத் தருகிறார்கள். துவர்ப்பும் இனிப்புமாகத் தொண்டையில் லேசாகச் சூடு ஏறுகிறது. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த பிறகு, டச்சுக்காரர்களின் வாசனைத் திரவிய ஆதிக்கத்தை உடைக்கத்தான் இங்கே ஜாதிக்காய் நட்டார்கள். 1860-களில் நோய் வந்து தோட்டங்கள் அழிந்தன. மிஞ்சியது இந்தச் சாறு. மத்தியான வெயிலில் அதற்கு ஈடாக நான் இதுவரை எதையும் குடித்ததில்லை.

மூன்றாம் நாள் லீத் வீதியில் இருக்கிற நீல மாளிகை. சியோங் ஃபாட் ட்ஸே என்கிற ஹக்கா சீன வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய வீடு. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 சன்னல்கள். எண்ணிக்கையைக் கேட்டால் அரண்மனை மாதிரி தோன்றும், உள்ளே போனால் வீடுதான். வெளிச்சுவரின் நீலம் அவுரி. சுண்ணாம்புக் குழம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து அடித்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒரே நீலமாக இல்லை. மழை பட்ட இடத்தில் ஆழமாகவும், வெயில் காய்ந்த இடத்தில் சாம்பல் படிந்தும், பழைய வேட்டியின் நீலம்போல இருக்கிறது. வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை. கூரை விளிம்பில் பூவும் பறவையும். வண்ணப் பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இதழாக ஒட்டிச் செய்தவை. பாழடைந்து கிடந்த வீட்டை வாங்கி, 1990-களில் பழைய முறையிலேயே புதுப்பித்தார்கள். 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது.

அதே ஊரில் பெரானாக்கன் வீடுகளின் (தலைமுறையாக இங்கேயே வேரூன்றி மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீனர்களின் வீடுகள்) முகப்பில் பூப்போட்ட, மேடு பள்ளமான பீங்கான் ஓடுகள் பதித்திருக்கின்றன. முதலில் இங்கிலாந்திலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் வந்தவை. ஒரு வீட்டின் அஞ்சடியில் அம்மா குனிந்து சுவரைத் தடவினாள். அடர் பச்சையில் இளஞ்சிவப்பு ரோஜா. எங்கள் ஊரிலும் பெரிய வீடுகளில் இந்த மாதிரி ஜப்பான் ஓடு உண்டு. அம்மா சின்ன வயதில் அதன் ரோஜாவை நகத்தால் நோண்டி அடி வாங்கியிருக்கிறாளாம். இத்தனை வருடம் கழித்து வேறொரு கடற்கரையில் அதே பூ.

சாயங்காலம் ஈ அண்ட் ஓ ஹோட்டல். அர்மேனியரான சார்கீஸ் சகோதரர்கள் 1885-இல் தொடங்கியது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலும் ரங்கூனின் ஸ்ட்ராண்டும் அதே குடும்பத்தின் கைவேலை. கடலை ஒட்டிய புல்வெளியில் பழைய பீரங்கிகளும் தென்னைகளும். அம்மா எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டாள். நான் அவள் முன்னால் முதல்முறையாக ஒரு ஜின் வாங்கினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குவளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல ஐசுதான் இருக்கு, இதுக்கா இம்புட்டுக் காசு?" என்றாள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் சந்தோஷமான மணி நேரம் அது. எதிரே கடலில் விளக்கு போட்ட படகுகள், பக்கத்தில் அம்மா.

கடலென்றதும் பத்து ஃபெரிங்கி. 101-ஆம் நம்பர் பஸ் கடலோரமாக வளைந்து வளைந்து போகிறது. பத்து என்றால் மலாயில் கல், பாறை. ஃபெரிங்கி நம் பரங்கிதான். பரங்கிமலை, பரங்கிப்பேட்டை என்று நாம் சொல்கிற அதே பரங்கி. ஆக, பரங்கிப் பாறை. போர்ச்சுக்கீசியர் காலத்து நினைவு. பெரிய கருங்கல் உருண்டைகள் மணலில் கிடக்கின்றன. மலாக்கா நீரிணையின் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், நம் மெரினா மாதிரி அலை அடிக்காது. நீந்துவதற்கு என்று போனால் பெரிதாக ஒன்றுமில்லை. பாறைமேல் உட்கார்ந்து, அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு, இருட்டுவதைப் பார்க்கப் போகலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். தீவின் மற்ற பெயர் பெற்ற இடங்களில், 2012-இல் வரைந்த தெருச் சுவரோவியங்களின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய இடமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதற்கு எட்டு வருடம் முன்பே இன்னொன்று நடந்துவிட்டது. பழைய வீடுகளுக்கு வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த சட்டம் 2000-ஆம் வருடத் தொடக்கத்தில் இல்லாமல் போனது. தலைமுறையாக அங்கேயே கடை வைத்து மாடியில் குடியிருந்தவர்கள் பலர் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். நாங்கள் தங்கிய மாதிரி விடுதிகள் அந்தக் காலி வீடுகளில்தான் வந்தன. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சுவரைக் காப்பாற்றுவதற்குச் சட்டம் இருக்கிறது. அஞ்சடியில் வாணலி வைத்திருந்தவர் அங்கேயே இருப்பதற்கு என்ன இருக்கிறது? கரி அடுப்பில் சார் குவே தியாவ் வறுத்த ஒரு சீனத் தாத்தாவைப் பார்த்தேன். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், முளைப்பயறு, முட்டை. தட்டு தட்டாகத்தான் செய்வார், ரெண்டு தட்டைச் சேர்த்துச் செய்ய மாட்டார். சேர்த்தால் சூடு இறங்கிவிடும், அந்தப் புகை மணம் வராது. அவர் பக்கத்தில் வேலை கற்றுக்கொள்கிற யாரும் நிற்கவில்லை.

கடைசி நாளை அம்மாவுக்கு விட்டேன். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, குவான் யின் என்கிற சீன அம்மன் கோயிலின் ஊதுபத்திப் புகையைக் கடந்து, குயின் வீதியில் 1833-இல் எழுப்பிய மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, 1801-இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொஹிதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரைக்கும் வந்தோம். நாலும் பத்து நிமிட நடைக்குள். நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சின்ன தர்காவும் அங்கேயே இருக்கிறது. அப்புறம் பினாங்கு வீதி. செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு. ஒரே நீளக் கூடத்தில் பல வட்டிக்கடைகள். ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுவது. ராத்திரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற கோவில் வீடும் இதே தெருவில்தான்.

ஐயா இருந்த கிட்டங்கி எது என்று எங்களுக்குத் தெரியாது. கடிதங்களில் இருந்த கதவு எண்ணை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அம்மா எல்லா வீட்டையும் பார்த்தாள். ஒரு துணிக்கடையின் அஞ்சடியில் வந்ததும் நின்றாள். பக்கத்திலேயே ஒரு பெண் பானையில் புலுட் ஹீத்தாம் விற்றுக்கொண்டிருந்தார். கறுப்பு ஒட்டரிசியை வெல்லம் போட்டுக் குழைய வேகவைத்து, மேலே தேங்காய்ப் பால். நம் கவுனி அரிசிதான். கல்யாண வீட்டுக் காலைச் சாப்பாட்டில் எங்கள் பக்கம் கவுனி அரிசி இல்லாமல் இருக்காது. அது இந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து கப்பலில் வந்த அரிசி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அம்மா கிண்ணத்தை வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கடைசிவரை வழித்துச் சாப்பிட்டாள்.

பிறகு கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். சுவரில் குதிகாலை ஒட்டிவைத்து, தெருப் பக்கம் பார்த்து, ஒரு பாதத்தின் கட்டைவிரலோடு இன்னொரு பாதத்தின் குதிகாலைச் சேர்த்து வைத்து அளக்க ஆரம்பித்தாள். ஒன்று, ரெண்டு, மூணு. வழியில் துணிக்கடைக்காரரின் முக்காலி இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து அதைத் தள்ளிவைத்தார். தூணைத் தொடும்போது எட்டரை வந்தது. "அஞ்சுன்னாக?" என்று என்னைப் பார்த்தாள்.

"உங்க காலு சின்னதும்மா" என்றார் அவர். "உக்காருங்க. பசியாறிட்டீங்களா?"